நூற்றுப் பன்னிரண்டு அடி மனு

எங்கள் பக்கத்தில் சாமிக்கே மனுக் கொடுப்பார்கள். விருத்தாசலத்துக்கு அருகில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். ஆடு களவு போனது, கடன் வாங்கியவன் ஏமாற்றியது, புருஷன் விட்டுவிட்டுப் போனது, எதுவானாலும் சரி. ஒரு வெள்ளைத் தாளில் கொளஞ்சியப்பருக்கு என்று விலாசம் போட்டு, பேர், ஊர், குறை எல்லாம் எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் இருக்கிற சூலத்தில் கட்டிவிட்டு வரவேண்டும். பிராது கட்டுவது என்று அதற்குப் பேர். 90 நாளில் தீர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. எதிராளி ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி கிலோமீட்டர் கணக்கில் படிக்காசும் உண்டு. காரியம் முடிந்தால் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டு வரவேண்டும்.

எங்கம்மா இரண்டு பிராது கட்டியிருக்கிறாள். ஒன்று காணாமல் போன வெள்ளாட்டுக்கு. பதினாறாம் நாள் அது தானாகவே வந்துவிட்டது, போய் வாபஸ் வாங்கினாள். இரண்டாவது எங்கள் காலனியின் சுடுகாட்டுப் பாதைக்கு. அது நிற்கிறது. "பொறம்போக்கு சமாச்சாரம்னா சாமியும் தாலுக்கா ஆபீசத்தான் கேக்கணும் போலருக்குது" என்று அப்பா சொல்லுவார்.

அப்பாவிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. விருத்தாசலம் பீங்கான் ஊர் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். பியூஸ் கேரியர், கக்கூஸ் பேசின், அகல் விளக்கு, கொலு பொம்மை என்று எங்கள் தொழிற்பேட்டையில் வெந்து வெளியே வராத சாமான் கிடையாது. அதைச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே அரசு தொழில்நுட்பக் கல்வி நிலையமும் ஒன்று இருக்கிறது. அப்பா அங்கே ஒரு பட்டறையில் இருபத்தாறு வருஷம் அச்சில் மண்குழம்பு ஊற்றினார். அவர் பெட்டியில் பீங்கான் ஒன்றும் இருக்காது, மனு ரசீதுகள்தான். மனைப்பட்டாவுக்கு, தெருவிளக்குக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு. ஒவ்வொன்றின் நகலும், "சமூகம் கனம் ஐயா அவர்களுக்கு, அடியிற் கண்ட மனுதாரர்கள் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது" என்று ஆரம்பிக்கும். "ஆவன செய்யும்படி வேண்டுகிறோம்" என்று முடியும். ஆவன என்ன என்பதை எந்த ஆபீசும் இதுவரை எங்களுக்கு விளக்கியதில்லை.

மனு என்கிற சொல்லையே பாருங்கள். 1927 டிசம்பர் 25ஆம் தேதி மகாடில் அண்ணல் அம்பேத்கர் முன்னிலையில் எரிக்கப்பட்டதும் மனு, திங்கட்கிழமை திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று நாம் நீட்டுவதும் மனு. இது போதாதென்று கிராமங்களில் அரசாங்கம் நடத்துகிற குறைகேட்பு முகாமுக்கு மனுநீதி நாள் என்று பேர் வைத்தார்கள். மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டினானாம், கன்றைப் பறிகொடுத்த பசு வந்து அடித்ததாம், மகனையே தேர்க்காலில் இட்டானாம். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை நடத்தியபோது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. பசு நடந்துபோன அந்த ராஜவீதியில் சேரிக்காரன் நடந்துபோக முடிந்திருக்குமா? மணி இருந்தது, கயிறும் இருந்தது. கயிறு வரைக்கும் போக வழி? கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்தில் நந்தன் சிதம்பரம் போக ஆண்டையிடம் விடை கேட்டுக் கேட்டு நிற்கிறான். பெரியபுராணத்தில் இல்லாத அந்த ஆண்டையைப் பாரதி புதிதாகக் கொண்டுவந்து வைத்தார். சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் நிலத்துக்காரனிடம் மனுப் போட வேண்டும் என்கிற அந்த உண்மை பாரதிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு செல்போன்.

2021 ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் ஒரு ஆயா செத்துப் போனார். சுடுகாட்டுக்குப் போகிற வழி ஊர்க்காரர்களின் கழனி வரப்பு. வரப்பு கரைந்து கிடந்தது. முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பையன்கள் படம் பிடித்தார்கள். அதில் ஒருத்தன் பாலிடெக்னிக் படித்தவன். இணையத்தில் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிற தளங்கள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒன்றில் அந்தப் படத்தை ஏற்றி, கீழே நாலு பத்தி எழுதி, ஆட்சியருக்கு ஒரு மனுப் போட்டுவிட்டான். அப்புறம் அதைப் பரப்புகிற வேலை. வாட்ஸ்ஆப் குழுக்கள், பேஸ்புக், டுவிட்டர். எங்கள் ஆட்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், சிங்கப்பூரில் இருக்கிறார்கள், துபாயில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் லிங்க் போனது. ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன். "அண்ணே, ஆயிரம் தாண்டிடுச்சிண்ணே." மறுநாள் ரெண்டாயிரம். ஒரே வாரத்தில் நாலாயிரம். ஒவ்வொரு முறை கையெழுத்துப் போட்டு முடித்ததும் அந்தத் தளம், இந்த மனுவை இன்னும் பலபேருக்குக் காட்ட நூறு ரூபாய் கொடுங்கள் என்று கேட்டது. எங்கம்மா அதைக் கேள்விப்பட்டு, "கொளஞ்சியப்பரு தேவலாம், பைசாக் கணக்குல முடிச்சிக்குறாரு" என்றாள்.

எனக்கு ஒரு ஆசை, எங்கள் காலனிப் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். நாலாயிரத்தில் ஒன்பது.

ஏன் ஒன்பது? ஒரு காரணம் சாதாரணமானது. கையெழுத்துப் போட்டால் ஒரு எண் போனுக்கு வரும், அதைத் திருப்பி அடிக்க வேண்டும். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. மாமியார், மருமகள், நாத்தனார் மூன்று பேருக்கும் ஒரே போன், அதுவும் புருஷன்காரன் சட்டைப்பையில். தாளில் என்றால் கைநாட்டாவது வைத்திருப்பார்கள். இன்னொரு காரணத்தை எங்கள் சின்னம்மா ஒருத்தி வாசலில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "கையெழுத்து போடறன்டா தம்பி, நாளைக்கு எவன் கழனில களை எடுக்கறது?" ஆனாலும் பையன் கெஞ்சினான் என்று அவள் பேரைக் கொடுத்தாள். அந்த ஒன்பதில் அவளும் ஒருத்தி.

பத்தாம் நாள் அந்தப் பட்டியல் ஸ்கிரீன்ஷாட்டாக ஊர்த்தெரு வாட்ஸ்ஆப் குழுவில் வந்தது. ஒன்பது பெயருக்கும் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். அந்தப் போகம் முழுக்கச் சின்னம்மாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எந்தச் சட்டத்தில் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? எங்கள் மனுவைப் பரப்பிய அதே கருவிதான் அவள் பெயரையும் பரப்பியது. நாலாயிரம் பேரில் மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு அந்தக் கையெழுத்தால் ஒரு தம்பிடி நஷ்டமில்லை. அவளுக்கு ஒரு போகம் போச்சு.

அதற்குப் பிறகுதான் நான் இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திரச் சுருக்க'த்தைத் திரும்ப எடுத்து உட்கார்ந்தேன். 1939இல் வந்த சின்னப் புத்தகம். எம்.ஏ. படிக்கும்போது ஒரு முறை படித்திருந்தேன். அப்போது பட்டமும் பதவியும் வட்டமேசையும்தான் கண்ணில் பட்டன. இந்த முறை கண்ணில் பட்டது 112 அடி நீளமுள்ள ஒரு மனு.

நடந்தது இதுதான். இந்தியன் சிவில் சர்வீஸ் பரீட்சையை லண்டனில் மட்டும் வைக்கக் கூடாது, இந்தியாவிலும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்தது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை அதற்கு ஆதரவாகத் தீர்மானமும் போட்டுவிட்டது. இங்கே பரீட்சை வைத்தால் உள்ளே போகப்போவது யார்? கலெக்டராகவும் ஜட்ஜாகவும் நாளைக்குச் சேரிக்காரன் மேல் உட்காரப்போவது யார்? பறையர் மகாஜன சபையார் இதைக் கேட்டார்கள். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் போட்டு, பார்லிமெண்டுக்கு எதிர்மனு தயார் செய்தார்கள். 3,412 பேர் கையெழுத்து. தாளைத் தாளோடு ஒட்டிக்கொண்டே போனதில் 112 அடி. காமன்ஸ் சபை உறுப்பினராயிருந்த ஜெனரல் செஸ்னி மூலமாக அது பார்லிமெண்டுக்குப் போனது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிக்கு முப்பது பேர். ஒரு சாண் அகலத்தில் இருபது பேருக்கு மேல் தோளோடு தோள் ஒட்டி நின்றதுபோல இருக்கிறது.

இந்த மனுவை வைத்து இவர்களை வெள்ளைக்காரன் அடிவருடிகள் என்று எழுதியவர்கள் உண்டு. இன்றைக்கும் எழுதுகிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தேசம் என்று ஒன்று பேசப்பட்ட அன்றே அந்தத் தேசத்தில் எங்கள் பங்கு என்ன என்று கேட்டவர்கள் அவர்கள். அப்படிக் கேட்டதற்கு எழுத்தில் இருக்கிற பழைய சாட்சிகளில் இது ஒன்று. வெள்ளைக்காரன் நல்லவன் என்று நம்பியதால் மட்டும் எழுதிய மனு என்று என்னால் இதைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் இருக்கிற அதிகாரி சாதிக்காரனாக இருந்தால், தூரத்தில் இருக்கிற அதிகாரிக்குத்தான் மனுப் போட வேண்டியிருக்கும். இன்றைக்கும் கிராம நிர்வாக அலுவலரை விட்டுவிட்டு முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு எழுதுகிறோமே, அது ஏன்?

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த 3,412 பேரை அவர் எப்படிப் பிடித்தார்? அதே 1893 அக்டோபரில்தான் 'பறையன்' பத்திரிகை தொடங்குகிறது. பத்து ரூபாய் செலவில் முதல் இதழ், இரண்டே நாளில் நானூறு பிரதி விற்றது. மாதப் பத்திரிகையாக ஆரம்பித்து மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகையானது. பிறகு சொந்த அச்சுக்கூடம். 1900 வரைக்கும் வந்தது. அதாவது மனு முதலில், பிறகு அதைப் பரப்ப வழி என்று அவர் போகவில்லை. வழியைப் போட்டார், அந்த வழியில் மனு போனது. இழிவாகக் கூப்பிடப்பட்ட பெயரையே பத்திரிகையின் நெற்றியில் எழுதி, எடுத்துப் படி பார்க்கலாம் என்று நீட்டினார். அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, அது தனிக் கதை. ஆனால் பண்டிதர் செய்ததும் இதேதான். 1891 டிசம்பர் 1ஆம் தேதி நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டித் தீர்மானங்கள் போட்டார். 1892இல் சென்னை மகாஜன சபை மாநாட்டுக்குப் போய், உங்கள் கோயிலுக்குள் எங்களை ஏன் விடமாட்டீர்கள் என்று நேரடியாகக் கேட்டு, எழுந்த கூச்சலைக் காதால் கேட்டுவிட்டு வந்தார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. அது கோலார் தங்கவயலுக்குப் போனது, ரங்கூனுக்குப் போனது, தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. எங்கள் பையன் லிங்க் அனுப்பிய ஊர்களும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். கூலிக்குப் போன இடமெல்லாம் செய்தியும் போகிறது.

இப்போது சின்னம்மாவுக்கு வருகிறேன். இந்த மனுக்கள் எங்கிருந்து கிளம்பின என்று பாருங்கள். நீலகிரி, சென்னை, கோலார். சீனிவாசன் நீலகிரியில் வெள்ளைக்காரர் வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுதியவர். பண்டிதர் வைத்தியர். நீலகிரியில் தோட்ட வேலை, சென்னையில் பட்லர் வேலை, ரயில்வே, கோலாரில் சுரங்கம். ஆண்டையின் களத்தில் படியளந்து வாங்குகிற நிலையில் இல்லாத இடங்களில் இருந்துதான் முதல் மனுக்கள் எழும்புகின்றன. தஞ்சாவூர்ப் பண்ணையிலிருந்தோ எங்கள் தென்னாற்காட்டுக் கழனிகளிலிருந்தோ அல்ல. அங்கே குறை குறைவு என்றா அர்த்தம்? அங்கேதான் அதிகம். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டவன் மறுநாள் காலையில் யார் முகத்தில் விழிப்பான்? எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைவிட, போட்டவனுக்குச் சோறு போடுகிறவன் யார் என்று பார்த்தால்தான் ஒரு மனுவின் வரலாறு புரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு பழைய கதை. இங்கிலாந்துத் தொழிலாளர்கள், சார்ட்டிஸ்டுகள் என்று பெயர், ஓட்டுரிமை கேட்டு 1842இல் ஒரு மனுக் கொண்டுபோனார்கள். 33 லட்சத்துக்கு மேல் கையெழுத்து, ஆறு மைல் நீளம். காமன்ஸ் சபை வாசலில் நுழையவில்லை, பிரித்துத்தான் உள்ளே எடுத்துப் போனார்கள். சபை தள்ளுபடி செய்தது. 1848இல் மறுபடி போனார்கள். 57 லட்சம் என்று சொன்னார்கள். சபைக் குமாஸ்தாக்கள் எண்ணி 19 லட்சம்தான் என்றார்கள். அதிலும் விக்டோரியா ராணி என்றும் சப்பை மூக்கன் என்றும் கையெழுத்துகள் இருந்தனவாம். அதைச் சொல்லியே சிரித்து முடித்துவிட்டார்கள். 19 லட்சம் பேர் நிஜமாகக் கேட்டது அந்தச் சிரிப்பில் போய்விட்டது. எங்கள் மனுவிலும் இப்படி ஆனது. யாரோ ஒரு சினிமா நடிகர் பெயரில் நாலு கையெழுத்துப் போட்டிருந்தான். ஆபீசில் அதைத்தான் முதலில் காட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மனுக் கொடுப்பதற்கு ஆபீசுக்குள் போகவேண்டும். அந்த உரிமையே நமக்கு 1924இல்தான் எழுத்தில் வந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 22இல் சென்னைச் சட்டமன்றத்தில் இதே இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணறு குளத்தில் யாரும் தண்ணீர் எடுக்கலாம், பொது அலுவலக வளாகத்துக்குள் யாரும் நுழையலாம் என்று. செப்டம்பர் 25இல் அரசாணையாக வந்தது. தெரு, கிணறு எல்லாரும் பேசுகிறார்கள். அலுவலகம் என்று அவர் சேர்த்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. முப்பது வருஷம் மனு எழுதிப் பார்த்தவருக்குத்தான் அந்த வார்த்தையைச் சேர்க்கத் தோன்றும்.

உள்ளே போனால் மட்டும்? எங்கள் விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையை மறக்க முடியுமா. 2003 ஜூலை 8ஆம் தேதி, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பொறியியல் பட்டதாரி தலித் இளைஞரையும் அவர் மனைவியையும் ஊர் பார்க்க விஷம் ஊற்றிக் கொன்றார்கள். பையன் வீட்டார் போலீசுக்குப் போனார்கள். புகாரை வாங்கவில்லை. பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான், ஒன்பது நாள் கழித்து, வழக்கே பதிவானது. அதிலும் பறிகொடுத்த பக்கத்தவர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். சி.பி.ஐ.க்கு மாறி, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, தண்டனை பெற்றவர்களில் போலீஸ் அதிகாரிகள் இருவரும் அடக்கம். 2025 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது. இருபத்திரண்டு வருஷம். வாங்காத ஒரு தாளுக்கு இவ்வளவு நீளம். அந்த ஒன்பது நாளில் ஒரு செல்போனும் ஒரு பேஸ்புக்கும் இருந்திருந்தால் என்று எங்கள் பையன்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அன்றைக்கு அந்த வேலையைச் செய்தது பத்திரிகை. அதனால் செல்போனை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2017 அக்டோபர் 23இல் நெல்லை ஆட்சியர் வளாகத்தில், கந்துவட்டிக்காக ஆறு முறை மனுக் கொடுத்தும் நடக்காத ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்கிரையானார். அதைக் கார்ட்டூனாக வரைந்து பேஸ்புக்கில் போட்ட பாலாவை அடுத்த மாதமே கைது செய்தார்கள். மனுவை மதிக்காதவர்கள் படத்துக்குப் பயந்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

அப்படியானால் இணைய மனு எங்கே பலித்தது? தமிழ்நாட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனில் ஓட்டிவிட்ட பழைய ஆலை, 1983இல் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு மலையில் வைக்கப்பட்டது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கொடைக்கானல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஆலைக்காரர்களும் ஊர்க்காரர்களும் சூழலியல் இயக்கத்தாரும் சேர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. வேலை செய்தவர்களின் உடம்பில் இறங்கியது மூடப்படவில்லை. அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள், வைத்தியச் சீட்டுகளைச் சேர்த்தார்கள், 2006இல் உயர் நீதிமன்றம் போனார்கள். பதினான்கு வருஷம் இப்படியே போனது.

2015 ஜூலை கடைசியில் சோபியா அஷ்ரஃப் என்கிற சென்னைப் பெண் இதை ராப் பாட்டாகப் பாடி வெளியிட்டார். அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் மெட்டு. 'ஜட்கா' என்கிற அமைப்பு அதோடு சேர்த்து யுனிலீவருக்கு ஓர் இணைய மனு வைத்தது. நிக்கி மினாஜே டுவிட்டரில் அதை எடுத்துப் போட்டார். சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், கம்பெனியின் லண்டன் தலைமை பதில் பேச வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. மனிதாபிமான அடிப்படை என்று கம்பெனி சொல்லிக்கொண்டது. மண்ணைச் சுத்தம் செய்கிற தகராறு அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

இதை எங்கள் பையன்களுக்கு நான் இரண்டு முறை சொன்னேன். பாட்டு வென்றது என்று அவர்கள் சொன்னார்கள். பாட்டு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருஷமோ, அது சரி. ஆனால் அந்தப் பாட்டுக்குக் கீழே சங்கம் இருந்தது, வைத்தியச் சீட்டு இருந்தது, வழக்கு எண் இருந்தது. அதோடு, அங்கே கையெழுத்துப் போட்ட தொழிலாளிக்கு நாளைக்கு அந்தக் கம்பெனி கூலி கொடுக்காது என்ற பயமில்லை. கம்பெனிதான் எப்போதோ மூடிவிட்டதே. எங்கள் ஊரில் கழனி மூடவில்லை.

கடைசியில் நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். இணைய மனுவில் எங்கள் தெருப் பெயர்களை எடுத்துவிடச் சொன்னேன். படம் இருக்கட்டும், வெளியூர்க்காரன் கையெழுத்து இருக்கட்டும். ஊருக்குள் வேறு மனு, தாளில். பழைய காலத்து இங்கிலீஷ் கப்பல்களில் மாலுமிகள் கேப்டன் மேல் புகார் எழுதும்போது கையெழுத்தை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுவார்களாம், முதல் ஆள் யார் என்று தெரிந்தால்தானே தண்டிக்க முடியும். அதை எங்கேயோ படித்திருந்தேன். ஒரு பெரிய சார்ட் அட்டையில், பொங்கல் கோலம் மாதிரி, 61 பேர் வட்டமாகப் போட்டோம். பாதி கைநாட்டு. சின்னம்மா ஒரு மூலையில், மூலையே இல்லாத வட்டத்தில் தேடிப் பிடித்து ஓர் இடத்தில், வைத்தாள். இரண்டு வீட்டில் கடைசிவரை போடவில்லை, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அலுவலகத்தில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இதுல மொத மனுதாரர் யாருங்க? கம்ப்யூட்டர்ல ஒரு பேருதான் ஏத்த முடியும்." வட்டம் அங்கே முடிந்தது. என் பேரை எழுதிக் கொடுத்தேன். எனக்கு விருத்தாசலம் டவுனில் டுட்டோரியலில் சம்பளம் வருகிறது, எந்தக் கழனியிலும் நான் களை எடுக்கவில்லை. ரசீது எண்ணைப் பையன்கள் படம் பிடித்து அன்றைக்கே எல்லாக் குழுவுக்கும் அனுப்பினார்கள். அட்டையைப் படம் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் வெளியூரிலிருந்து ஆபீசுக்குப் போன் மேல் போன், ரசீது எண்ணைச் சொல்லி என்ன ஆச்சு என்று கேட்டு. சிங்கப்பூரிலிருந்து ஒருவன் நாள் தவறாமல் கேட்டிருக்கிறான்.

சர்வேயர் இரண்டு முறை வந்து அளந்துவிட்டுப் போனார். பாதை புறம்போக்குதான், வரைபடத்தில் எட்டடி அகலம் காட்டுகிறது என்று வாயால் சொன்னார். எழுத்தில் இன்னும் கொடுக்கவில்லை. அந்தப் போகத்துக்குப் பிறகு சின்னம்மா நூறு நாள் வேலைக்கும், தொழிற்பேட்டையில் அகல் விளக்குக்குப் பிசிறு தேய்க்கவும் போய்வந்தாள். அப்பாவின் பெட்டியில் ரசீதை வைத்திருக்கிறேன். கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் வாபஸ் வாங்கலாமா என்று அம்மா போன வாரம் கேட்டாள். எழுத்தில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.